கருக்கலைப்பும் அமெரிக்க வாக்காளரின் கட்சி விசுவாசமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மருத்துவமனை அறைக்குள் முடிந்துபோகக்கூடிய ஒரு விஷயம் அமெரிக்காவில் மட்டும் ஏன் ஐம்பது ஆண்டுகளாக வாக்குச்சாவடி வாசலில் நிற்கிறது? அமெரிக்கத் தேர்தல் செய்திகளைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு எழும் இந்தக் கேள்வியையும் அதன் கிளைக் கேள்விகளையும் இங்கே தொகுத்திருக்கிறோம். கருக்கலைப்பு சரியா, தவறா என்ற அறவாதத்துக்குள் இந்தப் பக்கம் போகவில்லை. ஒரு பிரச்சினை வாக்காளரை ஒரு கட்சியோடு எப்படிக் கட்டிப்போடுகிறது, அந்தக் கட்டு எப்போது தளர்கிறது என்பதை மட்டும் பார்க்கிறோம்.

‘பிளவுப் பிரச்சினை’ என்று எதைச் சொல்கிறார்கள்?

சூடாக விவாதிக்கப்படுவதெல்லாம் பிளவுப் பிரச்சினை ஆகிவிடாது. எதிர்க்கட்சியின் சொந்த ஆதரவாளர்களே இரண்டு அணியாக நிற்கும் ஒரு விஷயத்தைத் தேடிப்பிடித்து, தேர்தல் முழுவதும் அதையே பேசவைப்பதுதான் இந்த உத்தி.

1970களின் ஜனநாயகக் கட்சியைப் பாருங்கள். வடகிழக்கு மாநிலங்களின் தொழிற்சங்கக் கத்தோலிக்கர்கள், தென்மாநிலங்களின் வெள்ளையினப் புராட்டஸ்டன்டுகள், கறுப்பின மக்கள், பெண்ணுரிமை இயக்கத்தினர் எல்லோரும் அங்கே ஒன்றாக இருந்தார்கள். கூலி, ஓய்வூதியம், சங்க உரிமை என்றால் பெரும்பாலும் ஒத்துப்போவார்கள். கருக்கலைப்பு என்றதும் கூட்டம் கலைந்துவிடும். குடியரசுக் கட்சிக்கும் இதே பலவீனம் இருந்தது. அதன் புறநகர் வாக்காளர்களில் பலர் வரி குறைய வேண்டும் என்று நினைத்தவர்கள். ஆனால் குடும்பத்துக்குள் அரசு மூக்கை நுழைப்பதை விரும்பாதவர்கள். ஆகவே, யார் முதலில் இந்த விஷயத்தைக் கையில் எடுப்பது என்பதே அன்றைய கேள்வி.

குடியரசுக் கட்சி ஆரம்பத்திலிருந்தே கருக்கலைப்பை எதிர்த்த கட்சிதானே?

இல்லை. இன்றைய படத்தை வைத்துப் பழைய கதையை எழுதுவதால் வரும் மயக்கம் இது.

கலிஃபோர்னியாவில் கருக்கலைப்புக் கட்டுப்பாடுகளைத் தளர்த்திய சட்டத்தில் 1967இல் கையெழுத்திட்ட ஆளுநர் ரொனால்டு ரீகன். 1970இல் நியூயார்க்கில் அன்றைக்கு நாட்டிலேயே தாராளமான சட்டங்களில் ஒன்றுக்கு ஒப்புதல் தந்தவர் ஆளுநர் நெல்சன் ராக்ஃபெல்லர். இருவருமே குடியரசுக் கட்சியினர். 1973 ஜனவரி 22 அன்று, கருக்கலைப்பை நாடு முழுவதும் அரசியல் சட்ட உரிமையாக்கிய உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ‘ரோ எதிர் வேட்’ வழக்கில் 7-2 என்ற கணக்கில் வந்தபோது, ஆதரித்த ஏழு நீதிபதிகளில் ஐந்து பேர் குடியரசுக் கட்சி அதிபர்களால் நியமிக்கப்பட்டவர்கள். தீர்ப்பை எழுதிய ஹாரி பிளாக்மன், அன்றைய குடியரசுக் கட்சி அதிபர் நிக்சன் நியமித்தவர். எதிர்த்த இருவரில் பைரன் வைட்டோ ஜனநாயகக் கட்சியின் கென்னடியால் நியமிக்கப்பட்டவர்.

மறுபக்கமும் இப்படித்தான். பின்னாளில் கருக்கலைப்பு உரிமையின் பெரும் குரலாக விளங்கிய செனட்டர் எட்வர்டு கென்னடி, 1971இல் கருக்கலைப்புக்கு எதிராகவே கடிதம் எழுதியிருக்கிறார். பெரிய புராட்டஸ்டன்ட் சபையான தெற்கத்திய பாப்டிஸ்ட் சபை அதே 1971இல் நிறைவேற்றிய தீர்மானம், வன்புணர்வு, கருவின் கடும் குறைபாடு, தாயின் உடல்நலம், மனநலம் ஆகிய காரணங்களுக்காகக் கருக்கலைப்பை அனுமதிக்கும் சட்டங்களை ஆதரித்தது. சாதாரண வாக்காளர் மட்டத்தில், 1980களின் பிற்பகுதி வரை குடியரசுக் கட்சியினரே ஜனநாயகக் கட்சியினரைவிடச் சற்றுத் தாராளமாக இருந்தார்கள் என்று நீண்டகாலக் கருத்தாய்வுகள் காட்டுகின்றன.

அப்படியென்றால் எல்லாம் எப்போது தலைகீழானது?

ஒரே நாளில் அல்ல. முதல் காய் நகர்த்தியவர் நிக்சன். 1972இல் மீண்டும் வெல்ல, பரம்பரையாக ஜனநாயகக் கட்சிக்கு வாக்களித்துவந்த கத்தோலிக்கர்கள் அவருக்குத் தேவைப்பட்டார்கள். 1971இல் ராணுவ மருத்துவமனைகளில் கருக்கலைப்புக்குக் கட்டுப்பாடு விதித்தார். அடுத்த ஆண்டு நியூயார்க் சட்டத்தை ரத்து செய்யப் போராடிய நியூயார்க் கத்தோலிக்கப் பேராயர் கார்டினல் குக்குக்கு ஆதரவுக் கடிதம் அனுப்பினார். அந்தச் சட்டத்தைக் கட்டிக்காத்துக்கொண்டிருந்தவர் சொந்தக் கட்சியின் ராக்ஃபெல்லர் என்பதை நினைத்துப் பார்த்தால், கணக்கு எவ்வளவு வெளிப்படையானது என்று தெரியும்.

1976இல் குடியரசுக் கட்சியின் தேர்தல் அறிக்கை, கருவின் உயிரைக் காக்கும் அரசியல் சட்டத் திருத்தத்தை ஆதரித்தது. 1980 அறிக்கை, நீதிபதி நியமனத்தோடும் இதை முடிச்சுப் போட்டது. 1979இல் பாதிரியார் ஜெர்ரி ஃபால்வெல் தொடங்கிய ‘மாரல் மெஜாரிட்டி’ அமைப்பு, எவாஞ்சலிக்கல் கிறிஸ்தவர்களை (பைபிளை வழுவாமல் பின்பற்றும் புராட்டஸ்டன்டுகளை) வாக்குச்சாவடிக்கு அழைத்துவந்தது. அவர்களை உண்மையில் எழுப்பியது கருக்கலைப்பா, அல்லது இனப் பாகுபாடு காட்டிய கிறிஸ்தவப் பள்ளிகளின் வரிவிலக்கை அரசு பறிக்க முயன்றதா என்று வரலாற்றாசிரியர்கள் இன்னும் மல்லுக்கு நிற்கிறார்கள். தலைவர்களை எழுப்பியது வரிவிலக்கு, கூட்டத்தைத் தக்கவைத்தது கருக்கலைப்பு என்பது எமது மதிப்பீடு.

இதற்குப் பிறகு நடந்ததுதான் வேடிக்கை. இரு கட்சிகளிலும் அதிபர் பதவிக் கனவு கண்ட ஒவ்வொருவரும் தத்தம் கட்சியின் பக்கம் நகர்ந்தார்கள். குடும்பக் கட்டுப்பாட்டின் தீவிர ஆதரவாளராக இருந்த ஜார்ஜ் எச். டபிள்யூ. புஷ், 1980இல் ரீகனின் துணை அதிபர் வேட்பாளரானதும் கருக்கலைப்பு எதிர்ப்பாளரானார். எதிர்த்திசையில் ஜனநாயகக் கட்சியின் ஆல் கோர், ரிச்சர்டு கெப்ஹார்ட், ஜெஸ்ஸி ஜாக்சன் நகர்ந்தார்கள். கருக்கலைப்புக்குக் கூட்டரசின் நிதியைத் தடுக்கும் 1976ஆம் ஆண்டின் ஹைடு திருத்தத்தைப் பல்லாண்டுகள் ஆதரித்த ஜோ பைடன், கட்சியின் அதிபர் வேட்பாளராகத் தேர்வு பெறப் போட்டியிட்ட 2019 ஜூனில்தான் அதைக் கைவிட்டார். 1999இல் தொலைக்காட்சிப் பேட்டியில் தன்னைக் கருக்கலைப்பு உரிமையின் உறுதியான ஆதரவாளர் என்று சொல்லிக்கொண்ட டொனால்டு டிரம்ப், 2016இல் எதிர்ப்பாளர்களுக்குப் பிடித்த நீதிபதிகளின் பட்டியலையே வெளியிட்டார்.

மனச்சாட்சி மாறியதா, கணக்கு மாறியதா என்பது அவரவர்க்கே வெளிச்சம். இத்தனை மனச்சாட்சிகளும் கட்சிக்கு வசதியான திசையிலேயே மாறியது தற்செயல் என்று நம்புவதுதான் கடினம்.

வாக்காளர்கள் கருத்துக்கு ஏற்பக் கட்சியை மாற்றினார்களா, கட்சிக்கு ஏற்பக் கருத்தை மாற்றினார்களா?

இரண்டும் நடந்தது. இந்தப் பக்கத்தின் மையக் கேள்வி இதுதான் என்பதால் சற்று விரிவாகப் பார்ப்போம்.

அரசியல் அறிஞர் கிரெக் ஆடம்ஸ் 1997இல் வெளியிட்ட ஆய்வு, முதலில் நாடாளுமன்றத்தில்தான் பிளவு தோன்றியது என்று காட்டியது. உறுப்பினர்களின் வாக்குகள் கட்சிவாரியாகப் பிரிந்தன. சில ஆண்டுகள் தாமதித்து மக்கள் பின்தொடர்ந்தார்கள். மக்கள் எப்படிப் பின்தொடர்ந்தார்கள் என்பதை தாமஸ் கார்ஸி, ஜெஃப்ரி லேமன் இருவரும் 2006இல் விளக்கினார்கள். ஒரே நபர்களைப் பல ஆண்டுகள் இடைவெளியில் திரும்பத் திரும்பக் கேட்ட ஆய்வுகளை வைத்துப் பார்த்தபோது, வாக்காளர்கள் மூன்று வகையாகத் தெரிந்தார்கள்.

கருக்கலைப்பு தனக்கு மிக முக்கியம், கட்சிகள் அதில் வேறுபடுகின்றன என்பதும் தெரியும் என்ற நிலையில் இருப்பவர், தன் கருத்தை வைத்துக்கொண்டு கட்சியை மாற்றுகிறார். கட்சிகளின் வேறுபாடு தெரியும், ஆனால் இது தனக்கு அவ்வளவு முக்கியமல்ல என்று நினைப்பவர், கட்சியை வைத்துக்கொண்டு கருத்தை மெல்ல மாற்றிக்கொள்கிறார். கட்சிகள் வேறுபடுகின்றன என்பதையே கவனிக்காதவரிடம் இரண்டும் மாறுவதில்லை.

பென்சில்வேனியாவின் சுரங்கப் பகுதியில் வாழும் ஒரு கத்தோலிக்கத் தொழிலாளியைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். தந்தையும் தாத்தாவும் ஜனநாயகக் கட்சி. ஞாயிறு திருப்பலியில் கருக்கலைப்புக்கு எதிரான பிரசங்கம் கேட்கிறார். அது அவர் நெஞ்சைத் தைத்தால் 1980இல் ரீகனுக்குப் போகிறார். தைக்கவில்லை என்றால், தொழிற்சங்கமும் கட்சியும் அவரை இழுத்துப் பிடிக்கின்றன; பத்து ஆண்டுகள் கழித்து ‘அது அவரவர் விஷயம்’ என்று பேசுகிறார். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு முடிவு ஒன்றுதான்: கட்சியும் கருத்தும் பொருந்திவிட்டன. உள்ளே நடந்ததோ நேர் எதிரான இரண்டு பயணங்கள்.

1982 முதல் 1997 வரை ஒரே தலைமுறையினரைத் தொடர்ந்த தரவுகளை ஆராய்ந்த கிறிஸ்டோபர் ஏக்கன், லாரி பார்ட்டெல்ஸ் இருவரும் ஆண் பெண் வேறுபாட்டையும் கவனித்தார்கள். கருக்கலைப்பு உரிமையை ஆதரித்த குடியரசுக் கட்சியினரில் பெண்கள் கட்சியைக் கைவிட அதிக வாய்ப்பிருந்தது. ஆண்கள் கருத்தைக் கைவிட அதிக வாய்ப்பிருந்தது. யாருக்கு இது உடம்போடு ஒட்டிய விஷயமோ அவரிடம் கருத்து வென்றது, மற்றவரிடம் கட்சி வென்றது. அதில் வியக்க ஒன்றுமில்லை.

நாட்டு மக்கள் இதில் இரண்டாகப் பிளந்து கிடக்கிறார்கள் என்பது உண்மையா?

கட்சிகள் பிளந்து கிடக்கின்றன. மக்கள் அந்த அளவுக்கு இல்லை. கேலப் கருத்துக்கணிப்பு நிறுவனம் 1975இல் கேட்டபோது 54 சதவீதத்தினர் ‘சில சூழ்நிலைகளில் மட்டும் சட்டபூர்வமாக இருக்கலாம்’ என்றார்கள். 2023இல் அதே பதிலைச் சொன்னவர்கள் 51 சதவீதம். அரை நூற்றாண்டுப் போரில் நடுப்பகுதி கிட்டத்தட்ட நின்ற இடத்திலேயே நிற்கிறது.

கறுப்பின மக்கள் பக்திமான்கள்தானே? அவர்கள் ஏன் குடியரசுக் கட்சிக்குப் போகவில்லை?

பக்தி மட்டுமே வாக்கைத் தீர்மானித்திருந்தால் போயிருக்க வேண்டும். தேவாலயத்துக்குத் தவறாமல் போகும் கறுப்பின வாக்காளர்களிடையே கருக்கலைப்பில் தயக்கம் உள்ளவர்கள் கணிசமாக உண்டு. ஆனாலும் அதிபர் தேர்தல்களில் கறுப்பின மக்களில் பத்துக்கு எட்டு, ஒன்பது பேர் ஜனநாயகக் கட்சிக்கே வாக்களித்துவந்திருக்கிறார்கள். இனப் பாகுபாட்டைத் தடைசெய்த 1960களின் குடிமை உரிமைச் சட்டங்கள் உருவாக்கிய பிணைப்பு அது. பிளவுப் பிரச்சினை எங்கே வேலை செய்யும் என்பதற்கு இதுவே நல்ல அளவுகோல்: ஏற்கெனவே தளர்ந்த விசுவாசத்தைத்தான் அது அறுக்கும். தென்மாநில வெள்ளையினத்தவருக்கு ஜனநாயகக் கட்சி மேலிருந்த பற்று, அதே குடிமை உரிமைச் சட்டங்களால் முன்பே ஆட்டம் கண்டிருந்தது.

பெண்கள் அனைவரும் ஜனநாயகக் கட்சிக்குத்தானே வாக்களிப்பார்கள்?

இல்லை. 2020, 2024 இரண்டிலும் வெள்ளையினப் பெண்களில் பெரும்பான்மையினர் டிரம்புக்கு வாக்களித்ததாக வாக்குச்சாவடிக் கருத்துக்கணிப்புகள் சொல்கின்றன. கருக்கலைப்பு பற்றிய கருத்தில் ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையே உள்ள தூரத்தைவிட, இரு கட்சிகளின் பெண்களுக்கு இடையே உள்ள தூரம் பெரியது.

கட்சியின் நிலைப்பாட்டோடு ஒத்துப்போகாத தலைவர்களுக்கு என்ன ஆனது?

ஒவ்வொருவராக ஓரங்கட்டப்பட்டார்கள். பென்சில்வேனியாவின் ஜனநாயகக் கட்சி ஆளுநர் ராபர்ட் கேஸி கருக்கலைப்பை எதிர்த்தவர்; 1992ஆம் ஆண்டின் புகழ்பெற்ற உச்ச நீதிமன்ற வழக்கின் பெயரிலேயே இருப்பவர். அந்த ஆண்டுக் கட்சி மாநாட்டில் அவருக்குப் பேச இடம் தரப்படவில்லை. பில் கிளிண்டனை ஆதரிக்காததே காரணம் என்றது கட்சி, கருக்கலைப்புதான் காரணம் என்றார் கேஸி. பின்னாளில் செனட்டரான அவர் மகன் தந்தையின் வழியில் தொடங்கி, 2022இல் கருக்கலைப்பு உரிமையைக் காக்கும் மசோதாவுக்கு ஆதரவாக வாக்களித்தார். ஒரு குடும்பத்துக்குள்ளேயே கட்சியின் வரலாறு முழுவதும் அடங்கிவிடுகிறது.

2009இல் மிச்சிகனின் ஜனநாயகக் கட்சி உறுப்பினர் பார்ட் ஸ்டூபக், ஒபாமாவின் மருத்துவக் காப்பீட்டு மசோதாவில் கருக்கலைப்புக்கு நிதி கூடாது என்று கொண்டுவந்த திருத்தத்தை 64 ஜனநாயகக் கட்சி உறுப்பினர்கள் ஆதரித்தார்கள். 2020இல் இல்லினாயின் டேனியல் லிபின்ஸ்கி, கட்சிக்குள் நடக்கும் வேட்பாளர் தேர்விலேயே தோற்றார். அதற்குப் பின் பிரதிநிதிகள் சபையில் கருக்கலைப்பை எதிர்க்கும் ஜனநாயகக் கட்சியினராகப் பெயர் சொல்ல டெக்சாஸின் ஹென்றி குவேயர்தான் எஞ்சினார். எதிர்ப்பக்கம், கருக்கலைப்பு உரிமையை ஆதரிக்கும் குடியரசுக் கட்சியினராகச் செனட்டில் சூசன் காலின்ஸ், லீசா மர்கவ்ஸ்கி என்ற இருவர்.

நன்கொடை இதில் பெரும் பங்கு வகிக்கிறது. 1985இல் தொடங்கிய ‘எமிலிஸ் லிஸ்ட்’ கருக்கலைப்பு உரிமையை ஆதரிக்கும் ஜனநாயகக் கட்சிப் பெண்களுக்கு மட்டுமே பணம் திரட்டுகிறது. மறுபக்கம் அதே வேலைக்கு ‘சூசன் பி. ஆண்டனி’ பெயரில் ஓர் அமைப்பு உண்டு. வேட்பாளர் தேர்வில் வாக்களிப்போர் சிலரே, அவர்களும் தீவிரமானவர்கள். நடுவில் நிற்பவர் பொதுத் தேர்தலை எட்டிப் பார்ப்பதற்கே வழியில்லை.

2022 தீர்ப்புக்குப் பிறகு என்ன மாறியது?

2022 ஜூன் 24 அன்று ‘டாப்ஸ்’ வழக்கில் உச்ச நீதிமன்றம் ரோ தீர்ப்பை ரத்து செய்து, முடிவை மாநிலங்களிடம் விட்டது. அதுவரை குடியரசுக் கட்சிக்கு ஒரு வசதி இருந்தது. மாநிலச் சட்டமன்றத்தில் எவ்வளவு கடுமையான தடைச் சட்டத்துக்கும் கைதூக்கலாம், நீதிமன்றம் தடுத்துவிடும். தீவிர ஆதரவாளருக்கு மகிழ்ச்சி, மிதமான ஆதரவாளரின் வாழ்க்கையில் மாற்றமில்லை. நிறைவேறாத வாக்குறுதியாக இருந்தவரை அது இலவசமாகக் கிடைத்த வாக்கு. நிறைவேறியதும் விலைச்சீட்டு வந்தது. மிசௌரியில் தீர்ப்பு வந்த அன்றே தடை அமலானது.

முதல் அதிர்ச்சி கான்சாஸ். மாநில உச்ச நீதிமன்றம் 2019இல் உறுதிசெய்த கருக்கலைப்பு உரிமையை நீக்கும் திருத்தம், 2022 ஆகஸ்ட் 2 அன்று வாக்கெடுப்புக்கு வந்தது. சாதாரணமாக மந்தமாக நடக்கும் ஆகஸ்ட் வாக்குப்பதிவில் 9 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வாக்களித்தார்கள். 2020இல் டிரம்ப் சுமார் 56 சதவீதம் பெற்ற மாநிலத்தில் சுமார் 59 சதவீதத்தினர் திருத்தத்தை நிராகரித்தார்கள். 2023 நவம்பரில் ஒஹாயோவும் இதே வழியில் போய், உரிமையை அரசியல் சட்டத்தில் எழுதிக்கொண்டது.

இன்னொரு திருப்பம்: இந்த ஒரு பிரச்சினையில் தன்னோடு ஒத்துப்போகும் வேட்பாளருக்கே வாக்களிப்பேன் என்போர், கேலப் கணிப்பில் 1992இல் 13 சதவீதமாக இருந்து 2024இல் 32 சதவீதமானார்கள். முன்பு இந்தப் பிடிவாதம் எதிர்ப்பாளர்களிடம் அதிகம். டாப்ஸுக்குப் பிறகு உரிமை ஆதரவாளர்களிடம் அதிகம். கையில் இருந்ததை இழந்தவரிடம் கோபம் கூடுவது இயல்புதானே.

அப்படியானால் 2024இல் கமலா ஹாரிஸ் வென்றிருக்க வேண்டுமே?

ஜனநாயகக் கட்சியும் அப்படித்தான் நம்பியது. சென்னையில் பிறந்த சியாமளா கோபாலனின் மகளான ஹாரிஸ், 2024 மார்ச்சில் மினசோட்டாவில் கருக்கலைப்புச் சேவை தரும் ஒரு மருத்துவ மையத்துக்கே நேரில் சென்றார். பதவியிலிருக்கும் துணை அதிபர் ஒருவர் அப்படிச் சென்றது அதுவே முதல்முறை. பிரச்சாரத்தில் இந்த விஷயத்தை அவர் விடவே இல்லை.

ஆனால் வாக்காளர்கள் கட்சியையும் கருக்கலைப்பையும் தனித்தனியாகப் பிரித்துவிட்டார்கள். தேர்தல் நாளன்று பத்து மாநிலங்களில் கருக்கலைப்பு பற்றிய வாக்கெடுப்பும் சேர்ந்தே நடந்தது. ஏழில் உரிமை ஆதரவு வென்றது. ஃபுளோரிடாவில் சுமார் 57 சதவீத ஆதரவு கிடைத்தும், அங்கே 60 சதவீதம் தேவை என்ற விதியால் தோற்றது. அரிசோனாவில் உரிமைக்கு 61 சதவீதத்துக்கும் மேல், டிரம்புக்குச் சுமார் 52. மிசௌரியில் உரிமைக்குச் சுமார் 52, டிரம்புக்கு 58க்கும் மேல். மொன்டானா, நெவாடா இரண்டிலும் உரிமையும் வென்றது, டிரம்பும் வென்றார்.

டிரம்ப் இதை முன்பே மோப்பம் பிடித்திருந்தார். 2024 ஏப்ரலில் ‘மாநிலங்களே முடிவு செய்யட்டும்’ என்றார். நாடு தழுவிய தடை பற்றிய பழைய வாசகங்கள் கட்சியின் தேர்தல் அறிக்கையிலிருந்து நீங்கின. உரிமையைத் தனி வாக்குச்சீட்டில் காப்பாற்றிக்கொள்ள முடிந்த வாக்காளருக்கு, அதற்காகக் கட்சி மாற வேண்டிய தேவை ஏற்படவில்லை. விலைவாசிக்காகவும் குடியேற்றத்துக்காகவும் டிரம்புக்கு ஒரு வாக்கு, கருக்கலைப்புக்கு இன்னொரு வாக்கு. ஜனநாயகக் கட்சி தன் ஆதரவாளரைத் திரட்டப் பல மாநிலங்களில் முன்னின்று ஆதரித்த வாக்கெடுப்புகளே அவரை அதன் பிடியிலிருந்து விடுவித்தன என்று சொன்னால் அது மிகையாகாது.

இனி இந்தப் பிரச்சினை கட்சி விசுவாசத்தைப் பாதிக்காதா?

பாதிக்கும், தனி வாக்கெடுப்புக்கு வழியில்லாத இடங்களில் இன்னும் கூடுதலாக. நீதிபதி நியமனம் அதில் முதன்மையானது. 2016இல் உச்ச நீதிமன்ற நியமனமே மிக முக்கியக் காரணம் என்று சொன்ன சுமார் ஐந்தில் ஒரு பங்கினரில் பெரும்பான்மையினர் டிரம்பைத் தேர்ந்தெடுத்தார்கள். டிரம்ப் நியமித்த மூவரும் டாப்ஸ் தீர்ப்பில் ரோவை ரத்து செய்த பக்கம் நின்றார்கள். விஸ்கான்சினில் நீதிபதிகளையே மக்கள் தேர்ந்தெடுக்கிறார்கள். 2023 ஏப்ரலில் கருக்கலைப்பு உரிமையை வெளிப்படையாக ஆதரித்த ஜேனட் புரோட்டாசேவிச், இழுபறிக்குப் பெயர்போன அந்த மாநிலத்தில் சுமார் 11 புள்ளி வித்தியாசத்தில் வென்றார். மிச்சிகனில் 2022இல் கருக்கலைப்பு உரிமைக்கான வாக்கெடுப்பும் வென்றது. ஆளுநர் பதவியோடு சட்டமன்றத்தின் இரு அவைகளும் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளில் முதல்முறையாக ஒருசேர ஜனநாயகக் கட்சியிடம் வந்தன. ஆகவே வாக்கெடுப்பு எப்போதும் கட்சியைக் கைவிடும் என்றும் சொல்ல முடியாது.

தோற்ற தரப்பு என்ன செய்கிறது?

மிசௌரியைப் பாருங்கள். 2024இல் மக்கள் எழுதிவைத்த உரிமையை ரத்து செய்யும் புதிய திருத்தத்தை 2026 நவம்பரில் வாக்கெடுப்புக்கு விட, குடியரசுக் கட்சியின் பிடியில் உள்ள சட்டமன்றம் 2025இல் முடிவு செய்தது. கருக்கலைப்பை மட்டும் தனியாகக் கேட்டால் என்ன நடக்கும் என்று தெரிந்ததாலோ என்னவோ, அதே திருத்தத்துக்குள் 18 வயதுக்குட்பட்டோருக்கான பாலினமாற்றச் சிகிச்சைத் தடையையும் சேர்த்துவைத்திருக்கிறது. வாக்காளர் இரண்டுக்கும் சேர்த்து ஒரே பதில்தான் சொல்ல முடியும்.